புள்ளி வைத்த ஃபோல்டர்

இருபது வருஷங்களுக்கு முன் ஓர் ஈமெயில் இந்தியா முழுக்கச் சுற்றியது. 'கான்' என்ற பெயரில் கம்ப்யூட்டரில் யாராலும் ஃபோல்டர் உருவாக்க முடியாதாம். இதைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியராம். மைக்ரோசாஃப்டில் பில் கேட்ஸ் உள்பட ஒருவராலும் காரணம் சொல்ல முடியவில்லையாம். ஆபீஸ் ஆபீஸாக எல்லோரும் 'கான்' என்று டைப் செய்து பார்த்து, வராதது கண்டு மகிழ்ந்து, பத்துப் பேருக்கு அனுப்பிவைத்தார்கள்.

முதல் பாதி உண்மை. மற்றது சுத்தக் கட்டுக்கதை. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1974இல் வந்த சி.பி.எம். என்ற இயக்கு அமைப்பில் 'கான்' என்றால் கன்சோல், அதாவது கீபோர்டும் திரையும். பிரிண்டர் போன்ற மற்றச் சாதனங்களுக்கும் இப்படி மூன்றெழுத்துப் பெயர்கள் இருந்தன. 1980இல் எழுதப்பட்டு மறு வருஷம் மைக்ரோசாஃப்ட் விலைக்கு வாங்கிய டாஸ் அந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. டாஸுக்குப் பின் வந்த விண்டோஸும் விடவில்லை. சாதனத்தின் பெயரை ஃபோல்டருக்கு வைத்தால் எது எது என்று குழப்பம் வரும் என்பதால் அந்தப் பெயர்களை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் மர்மம்.

மர்மம் எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கிறது. லினக்ஸ் போன்ற வேறொரு அமைப்பிலிருந்து அதே டிஸ்க்கில் 'கான்' என்று ஒரு ஃபோல்டரை உருவாக்க முடியும். பிறகு விண்டோஸுக்குத் திரும்பினால் ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியும். ஆனால் திறக்காது, அழியாது. உருவாக்கத் தடை இருப்பது போலவே அழிக்கவும் தடை.

(கோப்புறை என்பதுதான் ஃபோல்டருக்கு நம் கலைச்சொல் அகராதிகள் தரும் சொல். மொழிபெயர்ப்பில் நானும் அதையே போடுகிறேன். ஆனால் "என் கோப்புறை அழிய மறுக்கிறது" என்று இதுவரை ஒருவரும் என்னிடம் முறையிட்டதில்லை. எனவே இங்கே ஃபோல்டர்தான்.)

அழிய மறுக்கும் ஃபோல்டர்களில் பெரும்பாலானவை சாதுவானவை. உள்ளே இருக்கும் ஒரு ஃபைலை ஏதாவது ஒரு புரோகிராம் பிடித்துக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் பிடி விட்டுவிடும். சில ஃபோல்டர்கள் விண்டோஸுக்கே சொந்தம். அவற்றை அழிக்க முயலாமல் இருப்பதே உத்தமம். இன்னும் சில, ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று வெங்காயம் போல அடுக்கிக்கொண்டே போனதால் மாட்டிக்கொள்பவை. டிரைவின் பெயரில் தொடங்கி கடைசி ஃபைல் வரை ஒரு விலாசம் 260 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும் என்பது விண்டோஸின் பழைய விதி. தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இந்த இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். 'தொல்காப்பியம்' நமக்கு ஏழு எழுத்து. கம்ப்யூட்டர் கொம்பையும் காலையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி, பதின்மூன்று என்கிறது. வெளியே இருக்கும் ஃபோல்டர்களின் பெயர்களை ஓரெழுத்து, ஈரெழுத்தாகச் சுருக்கினால் உள்ளே இருப்பது அழிய இடம்கொடுக்கும்.

இவை எதிலும் சேராத ஒரு ரகம் உண்டு. அதை நான் 2025 ஜூலையில் பார்த்தேன்.

தில்லியில் ஜங்புராவை ஒட்டி பாராபுலா சாக்கடையின் கரையில் இருந்தது மதராசி கேம்ப். ஜஹாங்கீர் காலத்துப் பாலம் ஒன்றுதான் பாராபுலா. அதன் கீழே ஓடிய நீர்தான் இன்று சாக்கடை. பிழைப்புத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் குடியிருந்த இடம். பெண்கள் அக்கம்பக்கத்துக் காலனிகளில் வீட்டு வேலைக்குப் போனார்கள். பிள்ளைகள் லோதி எஸ்டேட்டில் இருக்கும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிக்குப் போனார்கள். மழைக்காலத்தில் சாக்கடை நீர் வடிவதற்குக் குடிசைகள் தடையாக இருக்கின்றன என்ற வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2025 மே 9ஆம் தேதி உத்தரவிட்டது. ஜூன் 1ஆம் தேதி கேம்ப் இடிக்கப்பட்டது.

உத்தரவு வந்த சமயத்தின் கணக்குப்படி மொத்தம் 370 குடியிருப்புகள். மாற்று வீட்டுக்குத் தகுதியுள்ளவை 189. வீடு கிடைத்தது தில்லியின் வடகோடியில், சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, நரேலாவில். தகுதி என்றால் என்ன? தில்லி அரசின் 2015ஆம் வருஷக் கொள்கைப்படி, அந்த வருஷம் ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பே அங்கே குடியிருந்ததற்குக் காகிதம் காட்ட வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர், ரேஷன் கார்டு, இத்யாதி. முப்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்கூட, காகிதத்தில் இல்லையென்றால் அங்கே இல்லை.

கேம்பில் வளர்ந்த ஒரு பையன் இந்தக் காகித வேலையில் அக்கம்பக்கத்தாருக்கு ஒத்தாசையாக இருந்தான். பெயர் வேண்டாம். கையில் ஒரு பழைய லேப்டாப். தமிழ்நாடு அரசு 2011இலிருந்து மாணவர்களுக்கு இலவசமாகத் தந்தவற்றில் ஒன்று. ஊரில் சித்தி மகள் வாங்கியது இவனிடம் வந்து சேர்ந்திருந்தது. அந்த லேப்டாப்கள் பலவற்றில் இரண்டு இயக்கு அமைப்புகளைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒன்று விண்டோஸ் 7. மற்றது சி-டாக் தயாரித்த 'பாஸ்' லினக்ஸ். வாங்கிய பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் பாஸைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இவன் பார்த்தவன். விண்டோஸ் ஊர்ந்துகொண்டிருந்ததால் சர்வே சமயத்தில் ஸ்கேன் வேலைகளை பாஸிலேயே செய்திருக்கிறான். வீட்டுக்கு ஒரு ஃபோல்டர். அதில் ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார், காஸ் புத்தகம்.

கேம்ப் போன பிறகு லேப்டாப்பை விற்க வேண்டிய நிலை. பத்து முப்பது குடும்பங்களின் ஆதாரை உள்ளே வைத்து விற்கக் கூடாது என்ற அறிவு அவனுக்கு இருந்தது. படித்த பலரிடம் நான் காணாத அறிவு. எல்லாவற்றையும் பென் டிரைவில் காப்பி செய்துவிட்டு விண்டோஸில் அழிக்க உட்கார்ந்தான். ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் அழியவில்லை.

"டெலீட் ஆக மாட்டேங்குதுக்கா. இருக்கறதை இல்லைங்குது" என்றான்.

நிஜமாகவே அப்படித்தான் சொன்னது விண்டோஸ். ஃபோல்டர் திரையில் மஞ்சளாக உட்கார்ந்திருக்கிறது. அழி என்றால், இந்தப் பொருளைக் காணவில்லை, அது இப்போது இந்த இடத்தில் இல்லை, சரிபார்த்து மீண்டும் முயலவும் என்கிறது. மீண்டும் முயன்றால் மீண்டும் இல்லை. நேரு பிளேஸில் ஒரு கடைக்காரர் பத்து நிமிஷத்தில் ஃபார்மட் செய்து தருகிறேன் என்றாராம்.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் அல்ல. ஆனால் பெயர்களைக் கூர்ந்து பார்ப்பது என் தொழில். மற்ற ஃபோல்டர்களுக்கெல்லாம் வீட்டு எண்ணையும் பெயரையும் வைத்திருந்தான். இதில் ஒரு பெரியவரின் பெயர், ஓர் இடைவெளி, 'எம்' என்ற இனிஷியல், கடைசியில் ஒரு புள்ளி.

அந்தப் புள்ளிதான்.

இந்தப் புள்ளி அங்கே வந்த கதை தில்லித் தமிழர்களுக்குத் தெரிந்ததே. ஊரில் இனிஷியல் பெயருக்கு முன்னால் வரும். அப்போது புள்ளி நடுவில் மாட்டிக்கொள்ளும், யாருக்கும் தொந்தரவில்லை. தில்லி விண்ணப்பங்களில் 'லாஸ்ட் நேம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்று ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவரிடம் வாதாடிப் பார்த்து, கடைசியில் அப்பாவின் முதலெழுத்தைப் பின்னால் போட்டுவிட்டு வருவோம். என் கேஸ் கனெக்‌ஷனிலும் அப்படித்தான். அந்தப் பெரியவரின் கார்டில் இருந்ததை இருந்தபடி, புள்ளி உள்பட, பையன் டைப் செய்திருக்கிறான். ஊரிலேயே இருந்திருந்தால் அந்த ஃபோல்டர் ஒழுங்காக அழிந்திருக்கும்.

டாஸ் காலத்தில் ஃபைல் பெயருக்கு எட்டு எழுத்து, அதன் வகையைக் காட்ட மூன்று எழுத்து. ஆக டிஸ்க்கில் பதினோரு இடம். இரண்டுக்கும் நடுவே நாம் போடும் புள்ளியை அது எழுதிவைப்பதே இல்லை. எட்டு முடிந்தால் புள்ளி இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வகை இல்லாத பெயருக்குப் பின்னால் புள்ளி போட்டாலும் போடாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். காலியாக விட்ட இடங்களை வெற்றிடத்தால் நிரப்பியதால் கடைசியில் வரும் இடைவெளிக்கும் அதே கதி.

இதைக் கேட்டதும் எனக்கு ஏட்டுச்சுவடிகள்தான் நினைவுக்கு வந்தன. மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. ஆனால் ஓலையில் எழுதியவர்கள் புள்ளி வைப்பதைத் தவிர்த்தார்கள். எழுத்தாணியை அழுத்தினால் ஓலை கிழியும். படிப்பவர் இடம்பார்த்துப் புள்ளியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். டாஸும் அந்த மரபுதான். என்ன வித்தியாசம் என்றால், 1993இல் வந்த விண்டோஸ் என்.டி.யின் டிஸ்க் முறை புள்ளியை ஒழுங்காக எழுதிவைக்கும் திறமையுள்ளது. அதற்கு முன்னால் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாதான் பழைய ஆள். நீங்கள் எந்தப் பெயர் கேட்டாலும் கடைசிப் புள்ளியை வெட்டிவிட்டு உள்ளே அனுப்புகிறார். ரெக்கார்டு அறையில் தேடுகிறார்கள். புள்ளியில்லாத பெயரில் எதுவும் இல்லை. இல்லை என்று பதில் வருகிறது. பாஸ் லினக்ஸில் அந்தக் குமாஸ்தா கிடையாது. அதனால்தான் அங்கே ஃபோல்டர் பிறந்தது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அதே பெயரில் புள்ளியில்லாத இன்னொரு ஃபோல்டரும் பக்கத்தில் இருந்தால், நீங்கள் புள்ளியுள்ளதை அழிக்கக் கட்டளை கொடுக்கும்போது குமாஸ்தா புள்ளியில்லாததைக் கண்டுபிடித்துத் தீர்த்துவிடலாம். அது வேறொருவருடையதாக இருக்கலாம்.

அழிக்கும் வழியை யோசிப்பதற்கு முன் எனக்கு இன்னொரு விஷயம் உறைத்தது. அழிக்கக் கேட்டபோது இல்லை என்ற விண்டோஸ், காப்பி செய்யக் கேட்டபோது மட்டும் இருக்கிறது என்று சொல்லியிருக்குமா? பென் டிரைவைத் திறந்து எண்ணினோம். ஒரு வீடு குறைந்தது. காப்பி செய்யும்போது நடுவில் ஏதோ ஒரு பெட்டி வந்ததாகவும், 'ஸ்கிப்' கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனதாகவும் பையன் ஞாபகப்படுத்திக்கொண்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. அப்படி ஒரு பெட்டி வந்தால் பத்தில் ஒன்பது பேர் செய்வது அதுதான்.

அந்தப் பெரியவர் தகுதிப் பட்டியலில் இடம்பெறாதவர்களில் ஒருவர். சாமான்களை அவசரமாக அள்ளிப் போட்டு அலைந்ததில் அவருடைய பழைய ரேஷன் கார்டு எங்கே போனது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஸ்கேன் செய்த படம் இந்த ஃபோல்டரில்தான் இருக்க வேண்டும். நேரு பிளேஸில் பத்து நிமிஷம் கொடுத்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

பூட்டைத் திறக்கச் சுலபமான வழி, பூட்டிய இடத்துக்கே போவது. லேப்டாப்பை அணைத்து, பாஸில் தொடங்கினோம். பேட்டரி செத்துப்போயிருந்ததால் வயரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டியிருந்தது. ஃபோல்டர் சாதாரணமாகத் திறந்தது. உள்ளே ஏழு படங்கள். ரேஷன் கார்டு முன்னும் பின்னும், வாக்காளர் அட்டை, இரண்டு பக்கம் காஸ் புத்தகம், ஆதார், மனைவியின் ஆதார். பெயரிலிருந்து புள்ளியை எடுத்துவிட்டு வேறொரு பென் டிரைவில் காப்பி செய்தோம். அதை மூன்றாவது ஒரு கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்த்தோம். அதற்குப் பிறகுதான் அழிக்கும் பேச்சு.

உங்களிடம் லினக்ஸ் இல்லாமல் இருக்கலாம். அப்போது குமாஸ்தாவைத் தாண்டிப் போக ஒரு வழி இருக்கிறது. விண்டோஸில் 'கமாண்ட் பிராம்ட்' என்ற கறுப்புத் திரையைத் திறந்துகொள்ளுங்கள். ஃபோல்டரை நீக்கும் கட்டளை ஆர், டி என்ற இரண்டு எழுத்து. ஓர் இடைவெளி விட்டு முன்சாய்கோடும் எஸ்ஸும் போட்டால் உள்ளே இருப்பவற்றையும் சேர்த்து நீக்கும். மறுபடி ஓர் இடைவெளி. பிறகு இரட்டை மேற்கோளுக்குள் ஃபோல்டரின் முழு விலாசம், டிரைவின் பெயரிலிருந்து கடைசிப் புள்ளி வரை. விலாசத்துக்கு முன்னால் மட்டும் \\?\ என்ற நான்கு குறிகளைச் சேர்க்க வேண்டும். 'பெயரில் கைவைக்காதே, கொடுத்ததைக் கொடுத்தபடி உள்ளே அனுப்பு' என்பது அதன் அர்த்தம். புள்ளி, கடைசி இடைவெளி, 'கான்' வகைப் பெயர்கள், 260ஐத் தாண்டிய விலாசம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நிச்சயமா என்று ஒரு தடவை கேட்கும். அதற்குப் பிறகு கேட்காது. இப்படி அழித்தது குப்பைத் தொட்டிக்கும் போகாது, நேராகப் போய்விடும். அதனால் விலாசத்தை இரண்டு தடவை படியுங்கள். கறுப்புத் திரை பயமாக இருந்தால் '7-ஜிப்' என்ற இலவச மென்பொருளின் ஃபைல் மேனேஜர் இதே காரியத்தை மௌஸால் செய்யும்.

அழித்துவிட்டதாலேயே அழிந்துவிட்டதா என்றால், அதுதான் இல்லை. ஃபைலை அழிக்கும்போது கம்ப்யூட்டர் அட்டவணையில் ஒரு வரியை அடித்துவிட்டு, இந்த இடம் காலி என்று குறித்துக்கொள்கிறது. எழுதியது அங்கேயே கிடக்கிறது, வேறொன்று அதன் மேல் எழுதப்படும்வரை. அவசரமாகச் செய்யும் 'குவிக் ஃபார்மட்'டும் அட்டவணையைத்தான் புதிதாக்குகிறது. பழைய லேப்டாப்களை வாங்குகிற இடங்களில், போனதை மீட்கும் மென்பொருளும் இருக்கும். முப்பது குடும்பங்களின் ஆதார் எண்களை அந்த நம்பிக்கையில் விட முடியாது.

விண்டோஸிலேயே இதற்கு ஒரு கருவி இருக்கிறது, சைஃபர் என்று பெயர். அதே கறுப்புத் திரையில் சைஃபர் என்று டைப் செய்து, இடைவெளி விட்டு, முன்சாய்கோடு, 'டபிள்யு', முக்காற்புள்ளி, டிரைவின் பெயர். இருக்கும் ஃபைல்களை அது தொடாது. காலி இடத்தின் மேல் மட்டும் ஒரு தடவை பூஜ்யங்களையும், ஒரு தடவை ஒன்றுகளையும், ஒரு தடவை தாறுமாறான எண்களையும் எழுதும். குப்பைத் தொட்டியை முதலில் காலி செய்துவிட வேண்டும், மற்ற புரோகிராம்களை மூடிவிட வேண்டும். இது பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு. இப்போது வரும் எஸ்.எஸ்.டி. வேறு மாதிரி வேலை செய்வதால் அதற்கு உற்பத்தியாளர்கள் தரும் கருவியே சரி.

சைஃபருக்கு நேரம் பிடிக்கும். திரையில் புள்ளி புள்ளியாக ஒரு வரி நகர்ந்துகொண்டிருப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. நின்றுவிட்டது என்று நினைத்து நடுவில் அணைத்துவிடாதீர்கள். பையனின் லேப்டாப்பை இரவு பத்து மணிக்குப் போட்டுவிட்டுப் படுத்தோம். காலையில் பால் வந்த பிறகும் மூன்றாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தது. பென் டிரைவ்களில் ஒன்றைப் பெரியவரின் மருமகளிடம் கொடுத்தாயிற்று. ஏழு படங்களையும் போட்டோ ஸ்டுடியோவில் கொடுத்துப் பிரிண்ட் எடுத்து, ரேஷன் கார்டை மட்டும் லாமினேட் செய்யச் சொல்லியிருக்கிறேன்.